சாவித்துவாரம் வழியா ஒரு வாய் சோறு

"சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க" என்று டாக்டர்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலா வரும். சின்னது யாருக்கு? கத்திக்குச் சின்னது, ஒத்துக்கறேன். தழும்பும் சின்னது. கையெழுத்துப் போடற அம்மாவுக்கு?

மேட்டர் இதுதான். நான் பொட்டி தட்டுறது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாண்டில். எங்க டீம்ல ஒரு அண்ணா இருக்கார், திருநெல்வேலிக்காரர். ஞாயித்துக்கிழமை சாப்பாடு பெரும்பாலும் எனக்கு அவங்க வீட்லதான். (சமையல் தெரியாத பேச்சிலருக்கு இறைவன் எங்கேயும் ஒரு அண்ணியை அனுப்பி வைப்பான்.) அவங்க பையனுக்கு மூணு வயசு. குட்டின்னு வச்சுக்குவோம். பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதில் மூளைவாதம், அதாவது செரிப்ரல் பால்ஸி. சிரிப்பான், டிவியில் பாட்டு மாறினா உடனே திரும்புவான். முழுங்குறது மட்டும் சரியா வராது.

முழுங்குறதுன்னா என்னமோ சுலபமான வேலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வாய், தொண்டை, நாக்கு, மூச்சுக்குழாய் மூடி எல்லாம் வரிசை தப்பாம ஒரு நொடியில் இயங்கணும். வரிசை தப்பினா சோறு வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். அப்புறம் இருமல், காய்ச்சல், நிமோனியா. அண்ணி ரசஞ்சோத்தைக் கூழா மசிச்சு, சின்ன ஸ்பூன்ல ஊட்டுவாங்க. ஒரு வேளைக்கு ஒண்ணரை மணி நேரம். முடிச்சுப் பாத்திரம் கழுவினா அடுத்த வேளை வந்துடும். அப்படி ஊட்டியும் மூணு வயசுப் பிள்ளை ஒன்பது கிலோதான்.

மூக்கு வழியா ஒரு குழாய் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினாங்க. கன்னத்துல பிளாஸ்திரி, பிடுங்கிப் போடும் பிள்ளை, திரும்பவும் நுழைக்கும்போது அழுகை. மாசக்கணக்குல இது தாங்காது, வயித்துல நேரடியா ஒரு குழாய் வைக்கலாம்னு டாக்டர் சொன்னார். கேஸ்ட்ராஸ்டமின்னு பேரு. இரைப்பையிலிருந்து வயித்துத் தோல் வரைக்கும் ஒரு சின்ன வழி. பால், மருந்து எல்லாம் அதுலயே.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அண்ணியோட அம்மா வந்திருந்தாங்க. ஆச்சி ஒரே போடா போட்டாங்க. "ஏட்டி, பிள்ளை வயித்துல ஓட்டை போடவா கப்பலேறி வந்திய?" (வந்தது விமானத்துல. ஆச்சிக்குக் கடல் தாண்டினா எல்லாம் கப்பல்தான்.)

அண்ணி ஆச்சி அளவுக்குச் சத்தம் போடலை. ஆனா எட்டு மாசம் சரின்னும் சொல்லலை. ஒருநாள் தட்டைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க: "தம்பி, அவனுக்கு நடக்கச் சொல்லித் தர முடியலை, பேசச் சொல்லித் தர முடியலை. ஊட்டுறது ஒண்ணுதான் நான் பண்றேன். அதையும் மெஷின்கிட்ட குடுக்கச் சொல்றாங்க." எனக்குப் பதில் வரலை. ஒரு மோர்மிளகாயை எடுத்துக் கடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செஞ்சது எந்த என்ஜினியரும் செய்யறதுதான். இது எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சேன். படிச்சா ஆச்சரியம், கதை நம்ம ஊர்லயே, அதாவது கிளீவ்லாண்டிலேயே, ஆரம்பிக்குது.

அதுக்கு முன்னாடி வயித்தைக் கிழிச்சுத்தான் இந்தக் குழாயை வைப்பாங்க. 1894-ல் ஸ்டாம் என்பவர் விவரித்த முறை, அவரும் ஒஹாயோக்காரர்தான். ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கற பிள்ளைக்கு வயித்தைத் திறக்கறது லேசுப்பட்ட விஷயமில்லை. 1970-களின் கடைசியில், இங்கே ரெயின்போ குழந்தைகள் மருத்துவமனையில் மைக்கேல் காடரர்னு ஒரு குழந்தை அறுவை மருத்துவர். ஜெஃப்ரி பான்ஸ்கி என்பவர் எண்டோஸ்கோப்பி செய்பவர். எண்டோஸ்கோப் குழந்தையோட இரைப்பைக்குள்ள போனதும், அதன் நுனி விளக்கு வயித்துத் தோல் வழியா வெளியே தெரியும். கரண்ட் போன ராத்திரியில டார்ச்சை உள்ளங்கையால மூடிச் செவப்பாப் பார்ப்போமே, அதே தான். எத்தனையோ பேர் பார்த்திருப்பாங்க. வெளிச்சம் தெரியற இடத்துல இரைப்பையும் தோலும் ஒட்டிக்கிட்டிருக்கு, அப்போ அங்கேயே ஊசி குத்தினா என்னன்னு இவங்க யோசிச்சாங்க.

1979 ஜூன் 12. நாலரை மாசக் குழந்தை. இதுக்குன்னு தனி கிட் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த ஊசி, நூல், காளான் தலை வச்ச ரப்பர் குழாய். இரைப்பையில காத்தடிச்சு உப்ப வைக்கணும். வெளிச்சம் தெரியற இடத்தில் ஊசி குத்தி, ஊசி வழியா நூலை உள்ளே விடணும். எண்டோஸ்கோப் அந்த நூலைப் பிடிச்சு வாய் வழியா வெளியே இழுத்துட்டு வரும். இப்போ நூலோட ஒரு முனை வாயில, மறுமுனை வயித்துல. வாய்ப் பக்கத்து முனையில குழாயைக் கட்டி, வயித்துப் பக்கமிருந்து இழுத்தா, குழாய் தொண்டை வழியா இறங்கி, இரைப்பைக்குள்ள போய், வயித்துத் தோல் வழியா எட்டிப் பார்க்கும். காளான் தலை உள்ளேயே மாட்டிக்கும். அவ்வளவுதான்! பாவாடைக்கு ஊக்குல நாடா கோர்க்கறதைப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். 1980-ல் கட்டுரையா வெளியிட்டாங்க. குழந்தைக்காகக் கண்டுபிடிச்சது, இன்னிக்குப் பக்கவாதம் வந்து முழுங்க முடியாத பெரியவங்களுக்கும் உலகம் பூரா செய்யறாங்க.

ஆனா இதுல ஒரு சிக்கல். ஊசி போற வழியில பெருங்குடல் குறுக்கே வந்தா வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சமும் விரல் அமுக்கிப் பார்க்கிறதும்தான் துணை. அதனால இப்போ பல குழந்தை மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பக்கம் சாய்ஞ்சிருக்காங்க. தொப்புள் வழியா சின்னக் கேமரா. கல்லீரல் எங்கே, குடல் எங்கே, இரைப்பையில எந்த இடம் தோதுன்னு பார்த்துட்டே, இரைப்பையை வயித்துச் சுவரோடு தையல்ல பிடிச்சு நிறுத்திக் குழாயை வைக்கிறாங்க. அந்த ஓட்டையோட அளவு தெரியுமா? குழாய் அளவை பிரெஞ்ச்னு ஒரு அலகுல சொல்வாங்க. ஒரு பிரெஞ்ச்னா மில்லிமீட்டர்ல மூணில் ஒண்ணு. 12 பிரெஞ்ச் குழாய்னா 4 மி.மீ. பென்சிலை விட ஒல்லி. இந்தக் கணக்கை ஆச்சிகிட்ட சொன்னேன். "பென்சிலைக் குத்தினாலும் ஓட்டைதாம்ல" என்றார். நியாயம்.

வீட்டைச் சம்மதிக்க வச்சது என் கணக்கு இல்லை, மூணாவது நிமோனியா. பத்து நாள் ஆஸ்பத்திரியில ஆக்சிஜனோட கிடந்து வந்த பிள்ளையைப் பார்த்துட்டு அண்ணியே கேட்டாங்க, எப்போ வைக்கலாம்னு.

லேப்ராஸ்கோப்பியில்தான் செஞ்சாங்க. காலைல உள்ளே போனவன் மதியத்துக்குள்ள வார்டுக்கு வந்துட்டான். மூணாம் நாள் வீட்ல. நீளக் குழாய் தொங்கலை. தோலோடு ஒட்டி ஒரு பட்டன் மாதிரி. பீச் பந்துல காத்தடிக்கற வாய் இருக்குமே, அதே சாயல். உள்ளே தண்ணி நிரப்பின குட்டி பலூன் அதைப் பிடிச்சுக்கும். சாப்பிடும்போது குழாயை மாட்டிட்டு, முடிஞ்சதும் கழட்டி மூடியைப் போட்டுடலாம். இந்தப் பட்டன் ஐடியாவும் 1984-ல் காடரர் குழுவோடதுதான்.

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. துவாரத்தைச் சுத்திக் கசிவு, செவப்பு, புண்ணுச் சதை வளர்றது எல்லாம் உண்டு. முதல் சில வாரம் பட்டன் கழண்டா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும், வீட்ல கை வைக்கவே கூடாதுன்னு தெளிவாச் சொல்லி அனுப்பினாங்க. வழி நல்லா ஆறினப்புறம் மாத்தக் கத்துக் குடுத்தாங்க.

ஆறு மாசத்துல எடை பன்னிரண்டரை கிலோ. அண்ணிக்கு நாளுக்கு அஞ்சு மணி நேரம் திரும்பக் கிடைச்சுது. முதல் வாரம் அந்த நேரத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னே தெரியலை, சும்மா உக்கார்ந்திருந்தேன்னு சொன்னாங்க. இப்போ அவனுக்குக் கதை படிக்கறாங்க. டயட்டீஷியன்கிட்ட கேட்டுக்கிட்டு, பருப்பு, சாதம், கேரட் எல்லாம் மிக்ஸியில நீர்க்க அரைச்சு வடிகட்டி, ஒரு வேளைக்கு மட்டும் சிரிஞ்சுல விடறாங்க. முழுங்கும் சிகிச்சை தர்றவங்க அனுமதிச்ச அளவுக்கு, நாக்கு நுனியில ஒரு தொட்டு ரசம். அதுக்கு அவன் கண்ணை மூடித் திறப்பான் பாருங்க!

சிரிஞ்சைப் பிடிக்கிற டிபார்ட்மெண்ட் இப்போ ஆச்சி. வேற யாரையும் விடறதில்லை. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்கே இருக்கும்போது, பலூன் உடைஞ்சு பட்டன் வெளியே வந்துடுச்சு. சில மணி நேரம் விட்டா அந்த வழியே சுருங்கி மூட ஆரம்பிச்சுடும். நான் கார்ச் சாவியைத் தேடிக்கிட்டிருக்கேன். அண்ணி அலமாரியிலிருந்து மாத்துப் பட்டனை எடுத்து, கையைக் கழுவி, ஜெல் தடவி உள்ளே வச்சுத் தண்ணி ஏத்தி, வயித்துல இருக்கறதைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்து, சரியா இருக்குன்னு தலையாட்டினாங்க. ஆச்சி பக்கத்துல நின்னு கடிகாரத்தைப் பார்த்துட்டுச் சொன்னாங்க, "நாலு நிமிசம். நீ போய்ச் சாப்பிடு, தம்பி. சோறு ஆறுது."