படம் போட ஒரு கதை வேண்டும்

அச்சேறாத கதையைப் படிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. எழுதியவரின் கையெழுத்திலேயே அது என்னிடம் வரும். அடித்தல் திருத்தல்கள் அப்படியே இருக்கும். முதல் பக்கத்தில் கமலாவாக இருந்தவள் மூன்றாம் பக்கத்தில் விசாலம் ஆகியிருப்பாள்; ஏன் மாற்றினார் என்று யோசித்துக்கொண்டே மேலே படிப்பேன். பத்திரிகை ஆசிரியருக்கு அடுத்தபடியாக அந்தக் கதையைப் படிக்கிற ஆள் நான்தான். பத்திரிகை கடைக்கு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அதுவரைக்கும் விசாலம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தவள்.

வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்த அந்தக் காலம் போய்விட்டது. இன்று எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது. சொந்தப் படங்களை வரைகிறேன். நல்ல காகிதம், நல்ல வண்ணம், அவசரப்படுத்த யாருமில்லை. அன்றைக்கு நான் கேட்ட வரம் இதுதான். அது கைக்கு வந்த பிறகு, வேறு யாரோ எழுதிய கதைக்காக மனம் ஏங்குகிறது.

எந்தப் பத்திரிகையிலும் நான் மாதச் சம்பளத்துக்கு இருந்ததில்லை. படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு வாரத்தில் மயிலாப்பூர், மவுண்ட் ரோடு, கீழ்ப்பாக்கம் என்று மூன்று திசையிலும் பஸ் ஏறுவேன். லே-அவுட் செய்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டுவார். "இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் கால். தலைப்பையும் நீங்களே எழுதிடுங்க சார். வியாழக்கிழமை ஃபாரம் முடிக்கணும்." அவ்வளவுதான் உத்தரவு. கதைக்குள் எந்த இடத்தை வரைவது என்பது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் தொழிலே இருந்தது. மகன் வீட்டுக்குப் பட்டணம் வந்த தாய், அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிடுகிறாள் என்று ஒரு கதை. அவள் அழுகிற இடத்தை வரைந்தால் வாசகர் படத்தைப் பார்த்ததுமே முடிவைத் தெரிந்துகொள்வார். வந்து இறங்குகிற இடத்தை வரைந்தால் கதையில் எதுவும் நடக்காதது போல் இருக்கும். நடுவே எங்கேயோ, மருமகள் கொடுத்த காபியை அவள் இன்னும் குடிக்காமல் வைத்திருக்கிற ஒரு கணம் இருக்கும். எழுத்தாளர் அதை அரை வரியில் கடந்திருப்பார். அதைக் கண்டுபிடிக்க மூன்று முறை படிக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகும் வேலை முடியாது. எழுத்தாளர் 'கூடம்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். படம் போடுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கூடத்தில் ஊஞ்சலா, இரும்பு நாற்காலியா? சுவரில் தொங்கும் காலண்டர் ஜவுளிக்கடையுடையதா, உரக்கடையுடையதா? காபி பித்தளை டவராவிலா, எவர்சில்வர் டம்ளரிலா? அந்தக் குடும்பத்தின் வருமானம், ஊர், நம்பிக்கை எல்லாவற்றையும் நான் முடிவு செய்தாக வேண்டும். தவறினால் வாசகர் கடிதம் வந்துவிடும். தொடர்கதை நாயகிக்குப் போன வாரம் மூக்குத்தி எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவு வைத்திருந்த வாசகர்கள் அவர்கள்.

அச்சு எங்களை இன்னும் இறுக்கியது. படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து அடித்த காலத்தின் கடைசிப் பகுதியில் நான் தொழிலுக்கு வந்தேன். லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. நடுவில் சாம்பல் கிடையாது. அந்தி வெளிச்சம் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் கொண்டுவர வேண்டும். அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைவோம், கேமராவில் சுருக்குவார்கள். சுருங்கும்போது நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். மெல்லிய கோடு மலிவான காகிதத்தில் அறுந்துபோகும். ஆகவே இந்தியன் இங்க்கில் பேனாவை வைக்கும்போதே இது எவ்வளவு சுருங்கும், மை எவ்வளவு பரவும் என்று கை கணக்குப் போடும். எது இல்லாமலும் படம் நிற்கும் என்பதை எனக்கு அந்தத் தகடுதான் கற்றுக்கொடுத்தது.

என் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் பழைய பைண்டு புத்தகங்கள். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது. 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் படங்களோடு அப்படித்தான் பார்த்தேன். வந்தியத்தேவனின் முகம் இன்னதென்று தமிழர்கள் மனத்தில் முதலில் பதித்தவர் அவர். 1968-இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்துவிட்டார். அவருடைய மகன் மணியம் செல்வன் அதே தொழிலில் தனக்கென்று ஒரு கோட்டை உண்டாக்கிக்கொண்டார். பின்னாளில் அதே கதை மறுபடியும் தொடராக வந்தபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். ஒரே குந்தவை, ஒவ்வொரு கையிலும் வேறொருத்தியாகப் பிறந்தாள். கதை ஒன்றுதான் என்றாலும் அதைப் படித்த கண் வேறு.

ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த நாயனக்காரர்களும் தவில்காரர்களும் அந்த மண்ணில் பார்த்துப் பழகிய உடம்புகள். நாயனத்தை ஏந்தும்போது தோள் எப்படி ஏறும், வெற்றிலை போட்ட கன்னம் எப்படி உப்பும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதுமையில் பக்கவாதம் வலக்கையைப் பறித்தபோது இடக்கையால் வரையப் பழகினார். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் எனக்கு வியப்பு வரவில்லை. அவ்வளவு மனிதர்களைக் கண்ணில் சேர்த்து வைத்தவருக்கு இன்னொரு கையைப் பழக்காமல் இருக்க முடியாது.

ஆரம்ப நாட்களில் எனக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதனால் மூர் மார்க்கெட்டுக்குப் போவேன். பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி, படங்களை வெட்டி, உறைகளில் பிரித்து வைப்பேன். ரயில் எஞ்சின், குதிரை, போலீஸ் உடுப்பு, மழை என்று உறைக்கு ஒரு பெயர். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. சென்னையில் படம் போட்டுப் பிழைத்த பலருக்கும் அது சொந்த நஷ்டம். அதற்குப் பிறகு நான் உறையை நம்புவது குறைந்தது. நேரில் போய்ப் பார்ப்பது கூடியது.

ஒரு கதையில் பூக்கட்டுகிற பெண் வந்தாள். பூக்கட்டுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். வரைய உட்கார்ந்தபோதுதான் நார் எந்த விரலைச் சுற்றி வருகிறது என்பது தெரியவில்லை. கபாலீசுவரர் கோயில் வாசலுக்குப் போய் ஓர் அம்மாள் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னப்பா, என் கையையே பாத்துக்கிட்டு இருக்கே?" என்றார். "கதைக்குப் படம் போடணும்மா" என்றேன். அவர் எனக்காக வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் முடிச்சு சரியாக விழவில்லை; சிரித்துவிட்டு மறுபடி பழைய வேகத்துக்கே போய்விட்டார். அவருடைய விரல்களுக்கு மெதுவாகக் கட்டத் தெரியாது. பத்திரிகைக்குப் போனது ஒரு சின்னப் படம். என் நோட்டில் நிறைந்தது பக்கம் பக்கமாகக் கைகள்.

இன்னொரு கதையில் கூத்துக் கலைஞர் வந்தார். அதற்காகச் செய்யாறு பக்கம் புரிசைக்குப் போனேன். தலைமுறைகளாகத் தெருக்கூத்து ஆடும் கிராமம் அது. கதைக்கு வேண்டியது கிரீடம் வைத்த ஆட்டக்காரர். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது, ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தவர். இடது புருவத்தை வளைத்து எழுதும்போது மூச்சை நிறுத்தினார். கோடு முடிந்த பிறகுதான் விட்டார். நானும் நீளமான கோடு இழுக்கும்போது அப்படித்தான் செய்கிறேன் என்பது அந்த நிமிடம் தெரிந்தது.

செருப்புத் தைப்பவர், காசிமேட்டில் வலை பின்னுபவர், அச்சுக்கூடத்தில் தலைகீழாக எழுத்துக் கோப்பவர் என்று அந்தக் கைகள் பெருகின. என் சொந்தப் படங்கள் என்று நான் இன்று சொல்லிக்கொள்ளும் வரிசை அதுதான். வாடகைக்காக வரைவது ஒரு பக்கம், எனக்காக வரைவது ஒரு பக்கம் என்று அப்போது மனத்துக்குள் சுவர் எழுப்பி வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்காக வரைந்த ஒவ்வொரு கைக்கும் பின்னால் யாரோ எழுதிய ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை பிடித்துத் தள்ளியிராவிட்டால் நான் அந்த வாசலில் போய் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பெரிய ஓவியர்கள் விஷயத்திலும் இதைப் பார்க்கிறேன். சில்பி சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை எதிரே உட்கார்ந்து வரைந்தார். அது வாரப் பத்திரிகை வேலை; அதுவே அவருடைய வாழ்நாள் தவமும் ஆயிற்று. கீரம்பூரில் பிறந்த ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டி, கறுப்பு மைக் கோடுகளில் காந்தியை விதவிதமாக வரைந்தார். பிற்பாடு கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது படங்கள் அவருடையவை. காந்தியின் கிழட்டு உடம்பைத் தேடிய அதே கோடு கரிசல் சம்சாரியின் உடம்பையும் கண்டுகொண்டது. பத்திரிகைகளுக்கு எவ்வளவோ வரைந்த மருது, சங்கப் பாடல்களின் வழியே தமிழ் மன்னர்களைக் கற்பனை செய்து 'வாளோர் ஆடும் அமலை' என்று தனி நூலே செய்தார். ஒரு வேலையில் பழகிய கண் இன்னொன்றுக்குள் நுழைந்து உழைத்திருக்கிறது.

காலம் எப்படி மாறியது என்பதை எல்லோரும் பார்த்தோம். ஆஃப்செட் வந்தது, வண்ணம் மலிந்தது. அட்டையில் மாருதி வரைந்த பெண் முகங்கள் இருந்த இடத்துக்கு நடிகைகளின் புகைப்படங்கள் வந்தன. ஓர் இதழில் நாலைந்து கதை என்றிருந்தது ஒன்றாகி, அது ஒரு பக்கமாகி, அதற்குப் படம் தேவையில்லை என்றாயிற்று. 1941-இல் பிறந்த கல்கி 2020-இல் அச்சை நிறுத்திக்கொண்டது. எனக்கு வந்த கதைகளும் மாறின. முழுக்கதை கிடைத்த இடத்தில் போனில் நாலு வரிச் சுருக்கம்: "ஹீரோயின் ஜன்னல் பக்கம் நிக்கிற மாதிரி போடுங்க சார், போதும்." நாலு வரியில் எந்த மனுஷியும் என்னைத் தேடி வரவில்லை. ஜன்னலை வரைந்து அனுப்பினேன். இன்று அதே நாலு வரியைக் கணினியிடம் தட்டினால் அதுவே ஒரு ஜன்னலையும் பெண்ணையும் வரைந்து தருகிறது. கதையைப் படிக்காமல் படம் வரட்டும் என்று நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். இயந்திரம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இப்போது என் மேசையில் எனக்குப் பிடித்ததை மட்டும் வரைகிறேன். பிடித்தது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத வீட்டுக் கதவை என்னைத் தட்டச் சொல்ல ஆளில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணப் பந்தலையோ, உப்பளத்தில் வெறுங்காலோடு நடக்கிறவரையோ, பிரசவ வார்டு வராந்தாவில் காத்திருக்கும் தகப்பனையோ நானாக நினைத்து வரைந்ததில்லை. யாரோ எழுதினார்கள், நான் போய்ப் பார்த்தேன். நான் ஏங்குவது அப்படி அனுப்பப்படுவதற்காக. பாதிச் சென்னையையும் பல ஊர்களையும் எனக்குக் காட்டியவர்கள், நான் நேரில் சந்தித்தே இராத எழுத்தாளர்கள்.

நன்றாக வரைகிற இளைஞர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். டேப்லெட்டில் அவர்கள் இழுக்கும் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். தமிழில் புதிய சிறுகதைகளும் சிறுவர் நூல்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கதை வெளியிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஓவியருக்குச் சுருக்கத்தை அனுப்பாதீர்கள், முழுக்கதையையும் கொடுங்கள். எந்த இடத்தை வரைவது என்று அவரே முடிவு செய்யட்டும். ஒரு வாரத் தவணையும், போய்ப் பார்த்துவிட்டு வரப் பஸ் காசும், படத்துக்குக் கீழே அவர் பெயரும் கொடுங்கள். பத்துக் கதைக்குப் பிறகு அவருடைய சொந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். அவர் தன் வாழ்க்கையில் கண்டிராத மனிதர்கள் அதில் வந்து சேர்ந்திருப்பார்கள். எனக்கும் ஒரு கதை அனுப்பலாம். வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்.