சைக்கிள் வந்துவிட்டது, ஓட்டம் வந்துவிட்டது... நீச்சல் எப்போது வரும்?

டிரையத்லான் என்றதும் அது ஏதோ பணக்காரர்கள் சமாசாரம் என்றுதான் பலருக்கும் தோன்றும். விஷயம் எளிதானது. முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால், கல்வராயன் மலையடிவாரத்தில் வளர்ந்த ஒரு பையனுக்கு இந்த மூன்றுமே புதிதில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியிருப்பான். குரங்கு பெடல் போட்டு சைக்கிள் ஓட்டியிருப்பான். வரப்பில் ஓடியிருப்பான்.

அவனுடைய அக்காவுக்கு? சைக்கிள் தெரியும். ஓடவும் தெரியும். நீச்சல் மட்டும் பெரும்பாலும் தெரியாது. சின்ன வயதில் தம்பியோடு கிணற்றில் இறங்கியிருந்தாலும், வயதுக்கு வந்ததும் ‘இனிமே கிணத்துப் பக்கம் போகாதே’ என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். அதோடு சரி. டிரையத்லானோ அந்தத் தெரியாத விஷயத்தில்தான் தொடங்குகிறது.

எல்லோரும் புதியவர்களாக இருந்த முதல் போட்டி

இன்றைய வடிவில் டிரையத்லான் பிறந்தது 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், மிஷன் பே என்ற விரிகுடா ஓரத்தில். ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் என்ற இருவர் ஏற்பாடு செய்த அந்தப் போட்டியில் 46 பேர் கலந்துகொண்டார்கள். 6 மைல் ஓட்டம், 5 மைல் சைக்கிள், 500 கெஜம் நீச்சல். இப்படி ஒரு போட்டிக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே புதியவர்கள்தான்.

அங்கே ஓடியவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு. பிறகு ஹவாய்க்குப் போன இந்தத் தம்பதிதான் 1978-ல் ‘அயர்ன்மேன்’ போட்டியைத் தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதல் ஆண்டு இறங்கிய 15 பேரும் ஆண்கள், முடித்தது 12 பேர். மறுவருடமே லின் லெமேர் என்ற பெண் வந்து, ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு, ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டபோது, அந்த விளையாட்டின் முதல் தங்கத்தை வாங்கியதும் ஒரு பெண்தான்: சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மெக்மாஹன்.

‘எனக்கு வயசாயிடுச்சு’ என்பவர்களுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. மடோனா பூடர். 1930-ல் பிறந்த அமெரிக்கக் கன்னியாஸ்திரி. 48 வயதில், பாதிரியார் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஓடத் தொடங்கினார். 52 வயதில் முதல் டிரையத்லான். 55 வயதில் முதல் அயர்ன்மேன். 2012-ல், 82 வயதில் மறுபடியும் ஒரு அயர்ன்மேனை முடித்து உலகை வாய்பிளக்க வைத்தார். நம் ஊர்க் கணக்கில் பேரன் பேத்தி எடுத்து, திண்ணையில் உட்காரச் சொல்கிற வயதில் அவர் சைக்கிளில் 180 கிலோமீட்டர் போனார்.

கச்சிராயபாளையத்தில் ஒரு பெண் தயாரானால்...

முதல்முறை இறங்குபவர் அயர்ன்மேனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அவர்களுக்காக இருப்பது ‘ஸ்பிரிண்ட்’ தூரம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதிலும் பாதி தூரத்தில் நடக்கும் போட்டிகளும் உண்டு.

கச்சிராயபாளையம் பக்கம் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண் இதற்குத் தயாராக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு, காலையில் அடுப்படி வேலை உண்டு, கரும்பு வெட்டும் காலத்தில் மூச்சுவிட நேரமில்லை. அவருக்கு எவையெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, எது இல்லை?

சைக்கிள் இருக்கிறது. அது தானாக வந்துவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியைக் காதில் வாங்காமல் மிதித்தார்கள். பிறகு அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் வந்தது. இன்று அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டமும் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது பள்ளி விளையாட்டு விழாவும் காவலர் தேர்வும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அந்தக் கணக்குக்காகவே எத்தனையோ சிற்றூர் மைதானங்களில் விடிகாலையில் பெண்கள் ஓடுகிறார்கள்.

நீச்சலுக்கு மட்டும் இப்படி ஒரு இயக்கமும் வரவில்லை, தேர்வும் வரவில்லை.

முதலில் மூச்சு, அப்புறம்தான் கை கால்

எனவே அந்தப் பெண்ணின் 16 வாரப் பயிற்சியில் முதல் பாதி தண்ணீருக்குத்தான். அதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும்போது பயிற்சியைக் கூட்டினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், ‘நமக்கு இதெல்லாம் ஒத்து வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒத்து வராதது விளையாட்டு இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. மருத்துவரைப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம்.

அடுத்து, எங்கே நீந்துவது? கல்வராயன் மலையில் மேகம் அருவி இருக்கிறது, பெரியார் அருவி இருக்கிறது, அடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒன்றுகூட நீச்சல் பழகும் இடம் இல்லை. அணையில் ஆழம் தெரியாது, அருவியில் பாறை வழுக்கும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை எல்லாவற்றிலும் மோசம். ஓரத்திலேயே ஆழம், ஏறிவரப் படியும் இருக்காது. புதிதாகப் பழகுபவருக்கு ஏற்றது, நின்றால் கால் தரையில் ஊன்றும் ஆழமும், கரையில் பயிற்சியாளரும் இருக்கும் குளம்தான். பக்கத்து நகரத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏற வேண்டியிருக்கலாம். பயிற்சியில் செலவும் நேரமும் அதிகம் விழுங்கும் பகுதி அதுவே.

உடை பற்றிய தயக்கம் பல பெண்களைக் குளத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீரில் ஊறிக் கனக்கும் பருத்தித் துணிதான் கூடாது. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் குளங்களும் உண்டு, விசாரித்துப் போகலாம்.

குளத்தில் இறங்கியதும் பலரும் கையையும் காலையும் வேகமாக அடிப்பார்கள். முதலில் பழக வேண்டியது மூச்சு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழ் விட்டு மூச்சை வெளியேற்ற வேண்டும். மூச்சை அடக்கி வைத்துக்கொண்டால் உடம்பு பதறும். குமிழ் விடப் பழகிய பிறகு மிதக்கப் பழக வேண்டும். உடம்பைத் தளர்த்தினால் தண்ணீர் தாங்கும் என்பதை நம்புவதற்கே சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகுதான் கால் உதைப்பு, கை வீச்சு, 25 மீட்டர், 50 மீட்டர் எல்லாம். இடையில் நின்று நின்று நீந்திய 25 மீட்டர்களைச் சேர்த்து ஒருநாள் 750 ஆக்கிவிட்டால், மீதிப் பயம் பாதியாகிவிடும்.

ரோடும் மலையும்

சைக்கிளுக்கு விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. பிரேக், டயர், செயின் மூன்றும் சரியாக இருந்தால் போதும். ஹெல்மெட் மட்டும் கட்டாயம். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகளோடு பழகுவதைவிட, விடிந்த பிறகு கிராமத்துச் சாலையில் ஓட்டுவது நல்லது. கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை ஆசையைத் தூண்டும். தொடக்கத்தில் வேண்டாம். கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 அடிக்கு மேல். ஏறுவதைவிட, வளைவுகளில் இறங்குவதுதான் புதியவருக்கு ஆபத்து. சமதளத்தில் 20 கிலோமீட்டர் சாதாரணமாக வந்த பிறகு, துணையோடு கொஞ்ச தூரம் ஏறிப் பார்க்கலாம்.

ஓட்டத்துக்கு ஒரே விதிதான்: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஓட்டமும் நடையுமாகத் தொடங்கி, வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டலாம்.

கடைசி நாலு வாரத்தில் ஒரு தனிப் பயிற்சி உண்டு. சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடுவது. கால் இரண்டும் வேறு யாருடையதோ போல் கனக்கும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். அந்தக் கனம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போட்டியன்று பயம் வராது.

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் எதுவும் அவசியமில்லை. இட்லி, கம்பங்கூழ், மலையில் விளையும் சாமைச்சோறு, வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு போதும். போட்டியன்று புதிதாக எதையும் முயற்சி செய்யக்கூடாது.

போட்டி நாள்

விதிகளில் சில புதியவருக்குச் சாதகமானவை. எந்த நீச்சல் முறையிலும் நீந்தலாம். களைத்துவிட்டால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவே. ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். ஓட்டத்தில் நடக்கலாம்.

நமது கச்சிராயபாளையம் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீச்சலுக்கு 26 நிமிடம். சாதாரண சைக்கிளில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் 20 கிலோமீட்டருக்கு 67 நிமிடம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று 5 கிலோமீட்டர் ஓட 40 நிமிடம். உடை, செருப்பு மாற்ற 7 நிமிடம். மொத்தம் 2 மணி 20 நிமிடம். இந்த வேகத்தில் பரிசு எதுவும் வராது. தொடங்கும் முன் போட்டியின் கால வரம்பை மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும்.

போட்டி முடிந்தாலும் மிஞ்சுவது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதைத் தடுக்க அந்த நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று, பள்ளிக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்றுக்கொடுப்பது. நம் ஊர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஏரியில் துணி துவைக்கப் போன இடத்தில் பிள்ளை தவறி விழும். நீச்சல் தெரியாத தாய் பின்னாலேயே குதிப்பார். செய்தியில் இரண்டு பெயர்கள் வரும்.

டிரையத்லானுக்காகப் பழகிய ஓட்டமும் சைக்கிளும் ஆறு மாதம் விட்டால் குறைந்துவிடும். தண்ணீரில் மிதக்கப் பழகிய உடம்பு அதை எளிதில் மறக்காது. கச்சிராயபாளையத்துப் பெண் பதக்கத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த கோடையில் தன் மகளையும் அதே குளத்துக்கு அழைத்துப் போகலாம். அந்த மகள் வயதுக்கு வந்த பிறகும், தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.