கனகராயன்குளத்துக் குசினியும் மரத்தின் நிறமும்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியாக வடக்கே போகும்போது ஓமந்தையும் புளியங்குளமும் கடந்து, மாங்குளம் வருமுன்னர் கனகராயன்குளம் வருகிறது. யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் சற்றுக் கண்ணயர்ந்தால் தவறவிட்டு விடக்கூடிய ஊர். வீதியோரத்தில் சில கடைகள், அவற்றின் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் காடு. ஆனால் இவ்வூரின் பெயரைச் சுமந்து வடக்கே ஓடும் கனகராயன் ஆறுதான் இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டு சேர்க்கிறது. கிளிநொச்சி வயல்களில் விளையும் நெல்லுக்கு இந்தப் பக்கத்து மழையும் காரணம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாலைப்பழக் காலத்தில் இந்த வீதியால் போனவர்களுக்கு, வழிநெடுகப் பாத்திரங்களில் மஞ்சளாய்க் குவிந்திருக்கும் அந்தப் பழம் நினைவிருக்கும். பழம் தரும் அதே பாலைமரம் வன்னி வீடுகளின் வளையாகவும் தீராந்தியாகவும் நின்று கூரையைத் தாங்கியது. முதிரை, பாலை, யாவரணை, சமண்டலை, வேம்பு என்று மரங்களின் பெயரைச் சொல்லித்தான் இங்கே முதியவர்கள் பழைய வீடுகளை அடையாளம் காட்டுவார்கள். “அது முதிரைக் கதவு போட்ட வீடு” என்றால் ஊருக்கே விளங்கும்.

இந்த முறை நாம் அங்கே போனது பழத்துக்காக அல்ல. உறவுக்காரப் பெண் ஒருவரின் வீட்டில் குசினி திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. சுவர் பூசி, நிலத்துக்கு மாபிள் பதித்தாயிற்று. அலுமாரிக்கும் தட்டுகளுக்கும் என்ன நிறம் பூசுவது என்பதில் வேலை ஒரு கிழமையாக நின்றுபோயிருந்தது.

கதவில்லாத வீடுகள்

நிறத்துக்காக ஒரு கிழமை வேலையை நிறுத்துவதா என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் இந்த ஊரின் கதையில் இருக்கிறது.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது இங்குள்ளவர்கள் சீமெந்தும் ஓடும் கொண்டுவந்து வீடுகளைத் திருத்தினார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008இன் இறுதி மாதங்களில் போர் இந்த ஊரைக் கடந்து போனது. சனங்கள் கையில் எடுத்ததைக் கொண்டு இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது வன்னியின் பெரும்பாலான ஊர்களில் காத்திருந்த காட்சி ஒன்றுதான்: சுவர் நிற்கும், கூரை இராது. நிலை இருந்த இடத்தில் நீள்சதுர ஓட்டை இருக்கும். நிலையும் கதவும் இரா.

அதன் பின்பு தறப்பாள் கொட்டில்கள், தகரக் கொட்டில்கள். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் கட்டம் தொடங்கியது. வீட்டுக்காரர் தாமே நின்று கட்டும் முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அந்தக் காசில் முதலில் அத்திவாரம், பிறகு சுவர், பிறகு கூரை. குசினி எப்போதும் வரிசையின் கடைசியில் நின்றது. வீடு முடிந்த பின்னும் வெளியே ஓலைச் சாய்ப்பில் மூன்று கல் வைத்துச் சமைத்த பெண்கள் எத்தனையோ பேர்.

தறப்பாளுக்குள் இருக்கும்போது யாரும் நிறம் தெரிவு செய்வதில்லை. என்ன நிறத்தில் கொடுத்தார்களோ அதுதான் நிறம். எனவே ஒரு பெண் தன் குசினி அலுமாரியின் முன் நின்று “இந்த மண்ணிறம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சிவப்பு வேண்டும்” என்று சொல்வதை நாம் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. இந்த இடத்திலேயே இருக்கப் போகிறேன் என்று நினைப்பவர்தான் அப்படிச் சொல்வார்.

“அது ரின்னில இல்லைப் பிள்ளை”

நாம் போன அன்று தச்சரும் வந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். மாதிரிப் பலகைத் துண்டுகளைத் திண்ணையில் அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன நிறம் வேணும் பிள்ளை?”

“அம்மாவின்ர குசினிக் கதவு நிறம் ஐயா.”

“அது என்ன மரம்?”

“வேம்பு எண்டு அப்பா சொல்லுவார்.”

“என்ன பூசினவை?”

“ஒண்டும் பூசேல்லை.”

தச்சர் சிரித்தார். “அப்ப அது ரின்னில இல்லைப் பிள்ளை. முப்பது வருசப் புகையும் கொம்மாவின்ர எண்ணெய்க் கையும்தான் அது.”

அந்தத் தாயும் இப்போது இல்லை, கதவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப கிட்டடியா எதைக் கொண்டுவரலாம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும், வீட்டு வேலை செய்யவிருக்கும் எமது வாசகியருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

மரம் அறிந்து சாயம்

பெயின்ற் மரத்தை மூடிவிடும். கடைக்காரர் ‘வூட் ஸ்டெயின்’ என்று தரும் மரச்சாயம் அப்படியல்ல. அது மரத்துக்குள் இறங்கி, மரத்தின் சொந்த நிறத்தோடு கலந்துதான் வெளியே தெரியும். ஆகவே கடையில் உள்ள நிற அட்டையைப் பார்த்து வாங்கினால், அட்டையில் கண்டது வீட்டில் வராது. அட்டைக்குப் பயன்படுத்திய மரம் வேறு, உங்கள் மரம் வேறு.

வேம்பின் வைரம் செம்மண்ணிறம். பார்ப்பதற்கு மஹோகனி போல இருக்கும். அதன் வெள்ளைப் பகுதியோ சாம்பல் கலந்த வெளிறல். ஒரே பலகையில் இரண்டும் இருந்தால் ஒரே சாயம் இரண்டு நிறமாகத் தெரியும். ஆகவே அலுமாரியின் முகப்புக்கு வைரப் பலகையைத் தெரிந்தெடுத்து, வெள்ளைப் பகுதியை உள்தட்டுக்கு விடுவது தச்சரின் வழக்கம்.

முதிரை பொன்மஞ்சள் நிறமானது, பட்டுப்போல மினுங்கும். இழை நெருங்கிய கடின மரமாகையால் சாயம் உள்ளே இறங்காது. அதற்குத் தெளிந்த வார்னிஷ் மட்டும் போதும். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்ட பின்னரே எதையும் பூச வேண்டும். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுச் சில வருடங்களில் தானே மண்ணிறமாகும். அதற்கு இன்றைக்கே கடும் மண்ணிறம் பூசினால் நாளைக்கு மேலும் இருண்டுவிடும். ரப்பர் மரப் பலகை வெளிறியது, சாயத்தை இலகுவாக வாங்கும். பைன் பலகை சாயத்தைத் திட்டுத்திட்டாக உறிஞ்சும். முதலில் மெல்லிய சீலர் ஒரு பூச்சுப் பூசினால் திட்டுக் குறையும்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டு அறிய வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களைக் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குவதே வீட்டுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

மூன்று துண்டு, ஒரு கிழமை

தச்சர் அலுமாரிக்கு அறுத்த அதே வேப்பம் பலகையிலிருந்து மூன்று துண்டு எடுத்தார். வேறு மரத்தில் பார்த்துப் பயனில்லை. மூன்றையும் ஒரே மாதிரித் தேய்த்தார்: முதலில் 80ஆம் இலக்க மண்கடதாசி, பிறகு 120, முடிவில் 180. தேய்ப்பது எப்போதும் மரத்தின் இழையோடு போக வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்களில் சாயம் தங்கிக் கறுத்த கோடாகத் தெரியும். மிகவும் மினுமினுப்பாகத் தேய்த்தாலும் சாயம் இறங்காது. பலகையின் வெட்டுமுகம் கூடுதலாக உறிஞ்சிக் கறுக்கும் என்பதால் அதை மட்டும் இன்னும் நுண்ணிய கடதாசியால் தேய்த்தார்.

முதல் துண்டுக்கு வெறும் தெளிந்த வார்னிஷ். இரண்டாவதற்குச் செம்மண்ணிறச் சாயத்தைப் பாதிக்குப் பாதி ஐதாக்கி ஒரு பூச்சு. மூன்றாவதற்கு அதே சாயம் ஐதாக்காமல். பூசி ஐந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தார். துடைக்காமல் விட்டால் மேலே பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். சாயம் காய்ந்ததும் வார்னிஷையும் பூசினார். வார்னிஷ் பூசாமல் நிறத்தை முடிவு செய்யக்கூடாது. காய்ந்த சாயம் மங்கலாகத் தெரியும், வார்னிஷ் பட்டதும் ஆழமாகும்.

துண்டுகள் மூன்றும் குசினிச் சுவரில், அலுமாரி வரவேண்டிய இடத்திலேயே ஒரு கிழமை தொங்கின. காலையில் கிழக்கு யன்னல் வெயிலில் மூன்றாவது அழகாக இருந்தது. மாலையில் அதுவே கறுப்பாகிக் குசினியைச் சிறிதாக்கியது. இரவில் வெள்ளை மின்குமிழின் கீழ் முதலாவது வெளிறிப் போனது. இரண்டாவது எல்லா நேரமும் ஒத்துவந்தது. ஆனால் அது நினைவில் இருந்த கதவின் நிறத்தைவிட இலேசானது.

“கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு” என்றார் அந்தப் பெண்.

“குறைவாவே இருக்கட்டும் பிள்ளை. நீ சமைக்கச் சமைக்க மிச்சம் வரும்” என்றார் தச்சர்.

வேம்பு வருடம் போகப்போகத் தானும் கறுக்கும். அத்தோடு இந்தக் குசினியில் எரிவாயு அடுப்புடன் விறகடுப்பும் இருக்கிறது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே விறகைத் தேடியபோது விறகடுப்பைக் கைவிடாதவர்கள் தப்பிக்கொண்டார்கள். அதன்பின் புதுக் குசினி கட்டுபவர்களும் புகைக்கூட்டோடு ஒரு விறகடுப்பு வைத்துக்கொள்கிறார்கள். புகை உள்ள குசினியில் இன்று சரியாக இருக்கும் நிறம் ஐந்து வருடத்தில் கூடிவிடும். இலேசான நிறத்தைப் பிறகு கடுமையாக்கலாம். கடும் நிறத்தை இலேசாக்க வேண்டுமென்றால் முழுவதையும் சுரண்டித் தேய்க்கத்தான் வேண்டும். இதை மனதில் வைத்து இரண்டாவது துண்டே முடிவாயிற்று.

வீட்டுச் சரக்கில் ஒரு சாயம்

காசு குறைந்தவர்களுக்கு இன்னொரு வழியையும் தச்சர் காட்டினார். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவைத்தால் ஒரு நீர் கிடைக்கும். துவர்ப்புச் சத்து உள்ள மரத்தில் அதைப் பூசினால் மரம் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும். துவர்ப்பில்லாத வெளிறிய பலகைக்கு முதலில் கடும் தேயிலைச் சாயத்தைப் பூசிக் காயவிட வேண்டும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துத் துணிக்குக் கறுப்பு ஏற்றிய நம் முன்னோரின் முறையும் இதுதான். ஆனால் எவ்வளவு கறுக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் இதற்கும் மாதிரித் துண்டு கட்டாயம் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மாரியில் பூச வேண்டாம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மரம் ஈரத்தில் ஊதும், வார்னிஷ் பால்போல வெளிறும். சோளகக் காற்றடிக்கும் நாட்களில் செம்புழுதி ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனி நல்ல காலம்.

பூசும்போதும் காயும்போதும் அடுப்பு மூட்டக்கூடாது. தின்னரின் ஆவி தீப்பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் அல்லது எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறி எரியக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

பழைய கதவு யன்னலை வாங்கித் திருத்துபவர்கள் பழைய எனாமல் பெயின்றை உலரச் சுரண்டக் கூடாது. அதில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

காய்கறி வெட்டும் பலகைக்கும் துருவுபலகைக்கும் சாயமும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். அவை வெறும் மரமாக இருப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தான் குசினி, அலுமாரி, யன்னல், மேசை எல்லாம். சொல் எங்கிருந்து வந்தாலும் அவற்றைப் புழங்கிப் புழங்கி நாம் நமதாக்கிக்கொண்டோம். புதிய அலுமாரியும் அப்படித்தான் வீட்டுக்கு உரியதாகும். இடையில் ஒரு கதவு உடைந்தாலோ தட்டு ஒன்று கூட்ட வேண்டி வந்தாலோ அதே நிறம் மீண்டும் தேவைப்படும். ஆகவே சாயத்தின் பெயர், ஐதாக்கிய அளவு, எத்தனை பூச்சு, எந்த மாதம் என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கனகராயன்குளத்து வீட்டில் அந்தக் கடதாசியை எழுதியது எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். மாதிரித் துண்டு மூன்றையும் எறியாமல் மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள்.