42 அடித் திரை

தோல்பாவைக்கூத்தைச் சினிமாவின் மூதாதை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. திரை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் இருக்கிறது. ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையில் பாவை செய்கிறவர்களின் பட்டறையிலும், பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களிலும் இருந்து பார்த்த பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கலைக்கு நெருங்கிய சொந்தம் சித்திரக்கதைதான்.

என்னோடு வந்த இருவரும் இணையத்தில் சித்திரக்கதை வெளியிடுகிறவர்கள். ஒருவர் கொழிஞ்சாம்பாறைக்காரர். தென்னந்தோப்பு, கள்ளுக்கடை, சோதனைச் சாவடி, இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் கோயமுத்தூர்ப் பேச்சு எல்லாம் அவர் கதைகளில் வரும். இன்னொருவர் மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்த பெண். 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததைப் பொறுக்காமல், தேயிலை பறிக்கும் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று கேரளம் முழுக்கப் பேர்பெற்ற அந்தப் போராட்டத்தில் இவருடைய அம்மாவும் இருந்தார். அதைத்தான் கைப்பேசியில் தொடராக வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டுவருகிறார்.

இப்படிப்பட்ட கதைகளுக்குத் தமிழில் அச்சுப் பத்திரிகை எதுவும் காத்திருக்கவில்லை. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் பல தலைமுறை வாசகர்களை உருவாக்கின. அந்தக் கடன் பெரிது. ஆனால் அவற்றில் வந்தவை பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. சொந்த ஊர்க் கதையைச் சொல்ல நினைத்தவர்களுக்கு இணையம்தான் வாசல் திறந்தது. ஆங்கிலத்தில் ரோஹன் சக்ரவர்த்தியின் ‘கிரீன் ஹ்யூமர்’ காட்டுயிர்களைப் பேசவைத்தது. ரச்சிதா தனேஜா 2014-இல் தொடங்கிய ‘சானிட்டரி பேனல்ஸ்’ வெறும் குச்சி உருவங்களைக் கொண்டே அரசியல் பேசியது. அந்தக் குச்சி உருவங்களுக்காக 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கையே அவர் சந்திக்க வேண்டிவந்தது.

வழியில் தஸ்ராக்கில் இறங்கினோம். ஓ. வி. விஜயனை மலையாள நாவலாசிரியராக அறிந்தவர்களே அதிகம். அங்குள்ள நினைவிடத்தில் அவருடைய கேலிச்சித்திரங்களும் இருக்கின்றன. 1958-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் சேர்ந்தவர் அவர். கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒவ்வொரு சித்திரத்தின் கோட்டையும் விரலால் காற்றில் போட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

கூத்துமாடம் கோயிலுக்கு எதிரே, அம்மனைப் பார்த்தபடி கட்டப்பட்ட ஓட்டுக் கட்டடம். உள்ளே ஏறக்குறைய 42 அடி நீளத்துக்குத் திரை. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் தேங்காய்மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகள். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போன பத்திரகாளிக்கு ராம ராவண யுத்தத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையாம். அதை அவளுக்காக மீண்டும் நடத்திக் காட்டுவதுதான் கூத்து. அதனால்தான் மாடத்தின் முகம் அவள் பக்கம். பாடப்படுவது கம்பன். வேளாளச் செட்டி மரபில் வந்த சின்னத்தம்பிப் புலவர்தான் கம்பனைக் கூத்துக்குக் கொண்டுவந்தவர் என்பது கூத்து நடத்தும் புலவர்கள் சொல்லும் வரலாறு. மலையாளம் பேசும் ஊரில், மலையாளம் பேசும் கலைஞர்கள் இன்றும் தமிழ்ச் செய்யுளை மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் விரிக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி அதைக் கேட்கும் தமிழருக்கு நெஞ்சு அடைக்கும். எனக்கு அடைத்தது.

இனி, சித்திரக்கதை என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பாவைகளை முள்ளால் திரையில் குத்தி நிறுத்துகிறார்கள். போர்க்களத்தில் அவை பாய்கின்றன, அம்புகள் பறக்கின்றன. மற்ற நேரங்களில் இரண்டு உருவங்கள் அசையாமல் நிற்க, ஒரு செய்யுளுக்கான விளக்கம் கிளைகிளையாகப் பிரிந்து வெகுநேரம் ஓடுகிறது. அசையாத படம், அதன்மேல் ஓடும் சொல். சினிமா இப்படி நடக்காது. முழுக் கதைக்கும் 71 பாத்திரங்கள், ஏறக்குறைய 160 பாவைகள் என்பார்கள். பாத்திரத்தைவிடப் பாவை அதிகம் இருப்பதற்குக் காரணம் எளிது: நிற்கும் ராமன் வேறு, உட்கார்ந்திருக்கும் ராமன் வேறு, போர்செய்யும் ராமன் வேறு. ஒரு நிலைக்கு ஒரு படம்.

“ஏனுங்கண்ணா, நம்ம விரல்ல தள்ளித் தள்ளிப் படிக்கிறோம். இங்க கண்ணால தள்ளிக்கிட்டே போறோமுங்க” என்றார் கொழிஞ்சாம்பாறைக்காரர். கணினித் திரையில் சித்திரக்கதைக்குப் பக்க எல்லை தேவையில்லை, எல்லையற்ற ஓவியத்துணி போல அது நீளலாம் என்று சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 2000-இல் எழுதினார். கொரியாவின் வெப்டூன்கள் அதைச் செங்குத்தாகச் செய்து காட்டின. கூத்துமாடம் கிடைவாட்டில் செய்து வைத்திருக்கிறது.

பட்டறையில் பகல் முழுக்க உளிச் சத்தம். முன்பு மான்தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டுத்தோல். மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்து, சுரண்டி மெல்லிசாக்கி, உருவத்தை வரைந்து வெட்டுகிறார்கள். பிறகுதான் உண்மையான வேலை. வட்டம், பிறை, நெல்மணி என்று வெவ்வேறு வாயுள்ள சிறு உளிகளால் ஆடையையும் அணிகலனையும் துளைதுளையாகக் கொத்துகிறார்கள். திரையில் தோல் நிழலாகிவிடும், துளைகள் மட்டும் ஒளிரும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் கோடு எல்லாம், தோலில் எடுத்து எறிந்த இடம்தான். ஒரு கொத்து தவறினால் மீட்க வழியில்லை. மூணாற்றுப் பெண் துண்டுத் தோல் ஒன்றில் உளியை வைத்துத் தட்டிப் பார்த்தார். சுத்தியலை எங்கே பிடிப்பது என்று பட்டறையில் இருந்த முதியவர் கையைத் திருப்பிக் காட்டினார்.

“ஐயா, சில ராத்திரி பார்க்க ஆளே வராதாமே, அப்ப யாருக்குங்க?” என்று மூணாற்றுப் பெண் அவரிடம் கேட்டார். அம்மன் இருக்கிறாளே என்றார் முதியவர், வேறு விளக்கம் தேவையில்லை என்பதுபோல. 1996-இல் இக்கூத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்னை ஈர்த்ததும் இதுதான்: பார்வையாளர் இல்லாமலே விடியும்வரை நடக்கும் கலை. இணையத்தில் வரைகிறவர்களுக்கு இது மனதில் தைக்கும். தொடரின் நாற்பதாம் பாகத்தை ஏழு பேர் பார்த்திருப்பார்கள். ஆனாலும் நாற்பத்தொன்றாம் பாகத்தை வரைய உட்கார வேண்டும்.

ஆனால் பக்தி மட்டுமே இந்தக் கலையைக் காப்பாற்றியது என்று நான் நம்பவில்லை. அறுவடை முடிந்த மாதங்களில் எந்தக் கோயிலில் எத்தனை இரவு என்று நாள்கணக்கு இருக்கிறது. ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஊர் பொறுப்பேற்கிறது, கூலி கொடுக்கிறது. தொடக்கத்தில் பட்டர் பாவைகள், அதாவது பிராமண உருவங்கள், வந்து காணிக்கை கொடுத்தவர்களை வாழ்த்தும். கொடுப்பவருக்கும் கலைஞருக்கும் நடுவே யாரும் இல்லாத இந்த ஏற்பாடுதான் இன்றைய தனிக்கலைஞர்களுக்கு இல்லை. அவர்களுடைய படம் யார் கண்ணில் படும் என்பதை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணக்கு முடிவுசெய்கிறது.

மறுபக்கமும் உண்டு. கூத்துமாடத்துக்குள் தலைமுறை தலைமுறையாக ஆண்களே ஏறினார்கள். கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் ராமச்சந்திர புலவர் காந்தியின் கதையையும் பாவையாக்கினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய மகள் ரஜிதா தலைமையில் பெண்கள் குழு உருவானது அண்மையில்தான். மூணாற்றுப் பெண்ணோ, கையில் கைப்பேசி வந்ததுமே யாரிடமும் கேட்காமல் வரையத் தொடங்கியவர்.

அவர் வாசகர்களிடம் இதுவரை காசு கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். பட்டர் பாவைகளைப் பார்த்த பிறகு, திரும்பும் வழியில் பேருந்திலேயே ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த பாகத்தில் சாலை மறியல் முழுவதும் ஒரே நீளப் படம். பெண்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள், பேச்சு மட்டும் ஓடும். அதன் தொடக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பாட்டி நின்று, பணம் அனுப்பியவர்களைப் பேர் சொல்லி வாழ்த்துவாள். இரண்டு பேர்கள் அப்போதே கிடைத்துவிட்டன. ஒன்று கொழிஞ்சாம்பாறைக்காரர். இன்னொன்று நான்.