இரங்கலும் இடக்கும்

பாடகர் ஒருவர் மறைந்தார் என்ற செய்தி மாணவர் விடுதிக்கு வந்து சேர்ந்தால், கண்ணீருக்கு முன்னால் கிளம்புவது கேலி. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் அந்தக் கேலியின் கட்சிக்காரன். ஆனால் எல்லாக் கேலிக்கும் கைதூக்குகிறவன் அல்லன்.

பப்பி லஹிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வெளிவந்த 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்தவர். கழுத்து நிறையச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக உலா வந்த வங்காளி. 2022 பிப்ரவரி 15 அன்று இரவு மும்பையில் காலமானார். வயது 69. பொழுது விடிந்ததும் பலர் வாயில் வந்த கேள்வி, "அந்த நகையெல்லாம் இனி யாருக்கு?" என்பதுதான். இதில் என்ன அவமதிப்பு இருக்கிறது? எல்விஸ் பிரெஸ்லியின் சங்கிலியைப் பார்த்து வந்த ஆசை இது என்றும், தங்கம் தமக்கு ராசி என்றும் பேட்டிகளில் சொல்லிச் சிரித்தவர் அவர். வேடிக்கையைத் தொடங்கி வைத்தவரே அவர்தாம். மற்றவர்கள் முடித்து வைத்தார்கள்.

அன்றியும், எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது அறிவியல் மாணவனின் பிறப்புரிமை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்ரீராம்பூர்த் தொகுதியில் நின்றபோது அவர் கொடுத்த சொத்துக் கணக்கில் தங்கம் 754 கிராம். நம்மூர்க் கணக்கில் 94 சவரன். கலப்பே இல்லாத தங்கம் என்று வைத்துக்கொண்டால் அதன் பருமன் 39 கன சென்டிமீட்டர்; உருக்கி ஊற்றினால் நம் உணவுக்கூடத்துத் தேநீர்க் கோப்பையில் பாதிகூட நிறையாது. அதே கணக்கில் மனைவியார் பெயரில் இருந்ததோ 967 கிராம்! இந்த 94 சவரனோடு நம் பக்கத்துக் கல்யாணச் சந்தைக்குப் போனால் சில வீடுகளில் உட்காரச் சொல்வார்கள்; காப்பி கிடைக்குமா என்பது ஐயம்.

இந்த இடக்கு நமக்குப் புதிதும் அல்ல. பேரன் பேத்தி எடுத்த கிழவர் போனால் 'கல்யாணச் சாவு' என்று பெயர் சூட்டி, பறை முழங்க, ஆட்டத்தோடு அனுப்பி வைக்கிற ஊர்கள் நம்முடையவை. பாடைக்கு முன்னால் ஆடுகிறவன் கிழவரின் கஞ்சத்தனத்தை எடுத்துவிடுவான். அழுது ஓய்ந்த மருமகள்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவனை யாரும் அடிக்கப் போவதில்லை. அவனுக்குக் கிழவரைத் தெரியும். கடைசியில் அவனும்தான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவான்.

தெரியாதவன் அதே வாயைத் திறந்தால் கதை வேறாகிவிடுகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று அசாமியப் பாடகர் ஜுபீன் கார்க் சிங்கப்பூரில் கடலில் நீந்தச் சென்ற இடத்தில் உயிரிழந்தார். வயது 52, கல்யாணச் சாவு அல்ல. எங்கள் விடுதியின் பொது அறையில் ஒருவர், "அந்த ஒரு பாட்டுக்காரரா?" என்றார். அவர் கணக்கில் இருந்த ஒரு பாட்டு, 2006-இல் வந்த 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தினுடையது. இன்னொருவர் நீச்சலை வைத்து ஒரு துணுக்கு உதிர்த்தார். என் ஆய்வுக்கூடத்து அசாமிய நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அன்றிரவு அவர் அறையிலிருந்து ஒரே பாட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அது 'மாயாபினி' என்று பிறகு அறிந்தேன். 2001-இல் வந்த 'தாக்' என்ற அசாமியப் படத்துப் பாட்டு. தாம் இறந்தால் இதைத்தான் பாட வேண்டும் என்று ஜுபீனே மேடையில் சொல்லியிருந்தாராம். குவஹாத்தித் தெருக்களில் திரண்ட கூட்டம் அப்படியே பாடிற்று. செப்டம்பர் 23 அன்று காமர்குச்சியில் அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. தமக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை, கடவுளும் இல்லை என்று பல்லாயிரவர் முன்னால் அறிவித்த மனிதர் அவர். இடக்கில் அவரை மிஞ்ச எங்கள் பொது அறையில் ஆள் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அசாமிய மொழியில் பாடியவரை இந்திப் படம் ஒன்றின் சீட்டாக்கி ஒட்டிவிட்டால், துணுக்கு அவரைத் தொடவே இல்லை. அடுத்த நாற்காலியில் இருந்தவரைத்தான் போய்க் குத்திற்று.

நமக்கு இந்தக் குத்து தெரியாததா? 2020 செப்டம்பர் 25 அன்று எஸ். பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது வடக்கே பல செய்திகளில் அவர் 'சல்மான் கானின் குரல்' ஆகிவிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருது பெற்றவர்! 1989-இல் வந்த ஓர் இந்திப் படத்தை வைத்து அவரை அளந்தார்களே என்று நாம் கொதித்தோம். அப்படிக் கொதித்த நம் சங்கத்துக் கைப்பேசிக் குழுவிலேதான், ஐந்தாண்டு கழித்து, அந்த நீச்சல் துணுக்கு வடிவேலு படத்தோடு வந்து விழுந்தது. பதினேழு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அடுத்த வரியிலேயே செயற்குழுவின் பெயரால் 'ஆழ்ந்த இரங்கல்'. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, பாடகர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டில் எது எனக்கு அதிகம் உறுத்திற்று என்றால், இரங்கல்தான்.

ஒரு மாதம் சென்றபின் ஆய்வுக்கூடத்தில் கருவி சூடேறக் காத்திருந்த வேளையில், அந்த அசாமிய நண்பர் தாமாகவே ஜுபீனின் மேடைக் குறும்புகளைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். அவற்றுள் மிகச் சிறந்த இரண்டை இங்கே எழுத ஆசைதான். இம்மலரின் ஆசிரியர் குழு ஒப்பாது.