பட்டத்தின் நெற்றியில் உள்ள பெயர்

நமது வாலாஜாபேட்டையில் சகோதரர் இருவர். வட்டாரக் கல்லூரி ஒன்றில், ஒரே வேதியியல் துறையில், பெரும்பாலும் அதே ஆசிரியர்களிடம் பயின்றவர்கள். 1999இல் தேறிய மூத்தவரின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. 2007இல் தேறிய இளையவருக்குப் பட்டம் வழங்கியது திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002இல் அது நிறுவப்பெற்று, இப்பகுதிக் கல்லூரிகள் அதனோடு இணைக்கப்பட்டதால் வந்த மாற்றம் இது. கரும்பலகையும் சோதனைக்கூடமும் அவ்வாறே இருந்தன. ஆயினும், சென்னை நிறுவனமொன்றில் நேர்முகத்திற்குச் சென்ற இளையவரிடம், "இது அஞ்சல்வழிப் படிப்பா?" என்று வினவினார்களாம்.

அந்த ஒரு கேள்வி அக்குடும்பத்தில் இன்னும் ஆறவில்லை. சென்ற ஆண்டு மூத்தவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், என் பையனையாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலே சேர்க்கணும், வீட்டை அடமானம் வைக்கலாமா?" என்று மஷ்வரா கேட்டார்.

கல்லூரிப் பட்டம் என்று ஒன்று சட்டப்படி இல்லை என்பதை முதலில் அவருக்கு விளக்கினோம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, இணைப்புக் கல்லூரி பயிற்றலாம். பட்டம் வழங்குவது பல்கலைக்கழகமே. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதும், இலண்டனைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் தந்ததேயன்றிப் பாடம் நடத்தியவை கல்லூரிகளே. 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் எழுந்த மேல்விஷாரம் அப்துல் ஹகீம் கல்லூரியும் அவ்வழியே பட்டதாரிகளை உருவாக்கின. வேலூரில் 1984இல் கல்லூரியாகத் தொடங்கிய பொறியியல் நிறுவனம் 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2017இலோ, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைச் சேர்க்கலாகாது என மானியக் குழு பணித்தது. பெயர்ப்பலகையை நம்பி வீட்டை ஈடு வைப்பதெப்படி?

எனினும் முதலாளிகளை முழுதும் குறை கூறுவதற்கில்லை. ஒரே நாளில் நூறு பேரைத் தேர்ந்தெடுக்க விழையும் நிறுவனம், ஆயிரம் மாணவர் கூடியிருக்கும் வளாகத்தையே நாடும். நமது சிறு கல்லூரிப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த இழப்பு மெய்யானது. அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

நாமும் இதை அனுபவித்தவர்களே. வேலூர் பாக்கியாத்தில் ஓதி ஸனது பெற்று, பள்ளி ஒன்றில் அரபி ஆசிரியர் பணி கேட்டோம். உஸ்தாதின் உஸ்தாத் எவர் என்பது வரை அறிந்து மதிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். நிர்வாகியோ அந்த ஸனதை மடித்துத் திருப்பித் தந்தார். பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வில் தேறி அவரிடமே சென்றோம், பணி கிடைத்தது. இடையில் நமது அரபி ஒன்றும் பெருகிவிடவில்லை. (நஹ்வு சற்று மறந்திருந்தது என்பதே உண்மை!)

அந்த இளையவர் இப்போது இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பில் இருக்கிறார். முதலாளி முதல் நாள் பட்டத்தைக் கேட்கவில்லை. குரோமில் பதனிட்ட தோலொன்றைக் காட்டி, பதம் வந்துவிட்டதா என்றார். இவர் ஒரு துண்டை வெட்டி, அளந்து, கொதிநீரில் இட்டெடுத்து, மீண்டும் அளந்தார், சுருங்கவில்லை. பட்டத்தின் நகலை மூன்று மாதம் கழித்துத்தான் கேட்டார்களாம், கோப்பில் வைப்பதற்கு.

வீடு அடமானத்திற்குப் போகவில்லை. பையன் அருகிலுள்ள கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். தகப்பனார் மட்டும், நம்மைக் காணுந்தோறும் ஸலாம் கூறிவிட்டு, "நாம செஞ்சது சரிதானே ஹஜ்ரத்?" என்கிறார்.