யார் பெயரில் இருக்கிறது வீடு?

காலை நிகழ்ச்சியை முடித்து ஹெட்போனைக் கழற்றும்போதுதான் அண்ணனின் வாட்ஸ்அப் குரல்பதிவைப் பார்த்தேன்.

"பாப்பா, ஈப்போ கார்டன்ல அப்பாகூட கிராணியா வேலை செஞ்ச அங்கிள் வீடு மூணே வாரத்துல வித்துப்போச்சாம். நம்ம புந்தோங் வீட்டையும் இப்பவே வித்துடலாம். அம்மாவ நான் ஜொகூருக்குக் கூட்டிட்டு வந்துடறேன். நீதான் ரேடியோவுல ஊர் நிலவரமெல்லாம் பேசுறியே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."

அப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார். நான் கோலாலம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அண்ணனுடைய மூத்த மகன் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகிறான். வீட்டை விற்றால் அண்ணனுக்கு மகனின் படிப்புச் செலவு, எனக்கு ஓர் அடுக்ககத்துக்கு முன்பணம். அண்ணன் கேட்டதும் உடனே சரி என்று சொன்னதற்கு அம்மாவின் தனிமை மட்டும் காரணமில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஒரு தகவலை ஓர் இடத்தில் கேட்டு நம்பாதே, இன்னோர் இடத்திலும் கேள் என்ற பாடம் மட்டும் இன்னும் சோறு போடுகிறது. அந்தத் தைரியத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் வீட்டு விற்பனை ரகசியமில்லை. நாப்பிக் எனப்படும் தேசியச் சொத்துத் தகவல் மையம், நடந்து முடிந்த விற்பனைகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. வீட்டு எண் இருக்காது. ஆனால் தெருவின் பெயர், வீட்டின் வகை, நிலத்தின் அளவு, நிரந்தர உரிமையா குத்தகையா என்ற விவரம், எந்த மாதம் என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் இருக்கும். விளம்பரத்தில் போடும் விலை விற்பவரின் ஆசை. இதில் இருப்பது உண்மையில் கைமாறிய விலை. வீடு விற்கவோ வாங்கவோ நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஈப்போவில் மூன்று பழைய குடியிருப்புகளை எடுத்துக்கொண்டேன். ஈப்போ கார்டன், கேனிங் கார்டன், எங்கள் புந்தோங். மூன்றும் 1988இல் ஈப்போ மாநகரானதற்கு முன்பே ஆள் குடியிருந்த இடங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டு, விற்பனைகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எண்ணினேன். ஈப்போ கார்டன் பத்தியில் கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே போயின. மற்ற இரண்டிலும் அவ்வளவு இல்லை. எங்கள் தெருவின் பெயரைத் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது.

அந்த வார இறுதியில் இடிஎஸ் ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. பதிவு பெற்ற வீட்டு முகவர் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தேன். சீன மாது, இருபது வருட அனுபவம். கேனிங் கார்டன் சந்தைக்குப் பக்கத்தில், அஞ்சடியில் போட்ட மேசையில் கறி மீ சாப்பிட்டுக்கொண்டே மலாயில் பேசினோம். என் நோட்டைக் காட்டினேன். பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் கேனிங் கார்டன்ல ஏன் விற்பனை குறைவுன்னு நினைக்கிறீங்க? யாருக்கும் வேணாம்னா? வாங்க ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கிறவங்களுக்குப் பணத்துக்கு அவசரமில்ல. அப்பன் வீடு பிள்ளைக்குப் போகும். ஈப்போ கார்டன்ல ஏன் அதிகம்? வசதி இருக்கு, கடைகள் இருக்கு, அது உண்மை. ஆனா பிள்ளைங்க கேஎல்லயும் சிங்கப்பூர்லயும் செட்டில் ஆயிட்டாங்க. அப்பா அம்மா போனதும் சாவியை என்கிட்ட கொடுத்துடறாங்க."

எனக்கு அது புதிய கணக்காக இருந்தது. விற்பனை அதிகம் என்றால் அந்த இடம் சூடாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அது புறப்பட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. 1985இல் ஈயத்தின் விலை சரிந்த பிறகு, வேலை தேடி ஈப்போவை விட்டுப் போன குடும்பங்கள் எத்தனை என்று என் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயணத்தின் கடைசிப் பக்கம்தான் இந்த விற்பனைப் பட்டியல் என்று பட்டது.

"அப்படின்னா புந்தோங்?" என்று கேட்டேன்.

"அத உங்கம்மாகிட்ட கேளுங்க" என்றார்.

மாலை வீட்டுக்குப் போனேன். அம்மா நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். புந்தோங் பத்திக்கு அடியில் 'மந்தம்' என்று எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

"மந்தமா? யாரு மந்தம்?" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, நடந்துட்டு வரலாம்" என்றார்.

புந்தோங்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கச்சான் பூத்தே என்று நாடே கேட்டு வாங்கிச் சாப்பிடும் கடலை, முறுக்கு வகைகளுக்குப் பெயர் பெற்ற இடம். தைப்பூசத்தன்று இங்கிருந்து குனோங் சீரோவுக்குக் காவடிகள் போகும். எங்கள் தெரு அந்தப் பரபரப்புக்குச் சற்றுத் தள்ளி, வரிசை வீடுகளோடு அமைதியாக இருக்கும். அம்மா ஒவ்வொரு வாசலுக்கும் நேராக நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மூலை வீடு. தாத்தா பேர்லயே இருக்கு. தாத்தா போய் இருபது வருஷம். பேரப்பிள்ளைங்க வரைக்கும் பங்கு இருக்கு, எல்லாரும் சேர்ந்து ஒருநாள்கூட உட்காரல."

"இந்த வீடு குத்தகை நிலம். வருஷம் கொஞ்சம்தான் பாக்கி. வாங்க வந்தவருக்கு பேங்க் கடன் கிடைக்கல."

"இது அண்ணன் தம்பி சண்டை. கதவு பூட்டி ஆறு வருஷம். பின்னால மாமரம் மட்டும் காய்க்குது."

"இந்த வீட்ட வித்தாங்க. யாருக்கு? எதிர்வீட்டுப் பொண்ணுக்கே. பலகையும் வைக்கல, ஏஜெண்டும் வரல. ஒன் நோட்டுல இருக்கிற ஒரு கோடு இதுதான்."

"அடுத்தது மகளுக்கு எழுதி வச்சுட்டாங்க. அது விற்பனையில சேராது இல்ல?"

சேராதுதான். பெற்றோர் பிள்ளைகளுக்கு அன்பின் பேரில் எழுதிக் கொடுப்பது விற்பனையாகாது. 2023 ஏப்ரல் முதல் அப்படி மாற்றும்போது, சொத்து மதிப்பின் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரியும் இல்லை.

கேனிங் கார்டனிலும் கோடுகள் குறைவு, எங்கள் தெருவிலும் குறைவு. அங்கே விற்க வேண்டிய தேவை இல்லை. இங்கே சிலருக்கு விற்க மனமில்லை, பலருக்கு விற்கவே வழியில்லை. நோட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து நின்றோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"நம்ம வீடு யாரு பேர்லம்மா இருக்கு?"

"அப்பா பேர்லதான்" என்றார். "வேற யாரு பேர்ல இருக்கும்?"

அண்ணனுக்கும் எனக்கும் ஏழு வருடத்தில் இது தோன்றவில்லை. கருமக்கிரியை செய்தோம், திதி கொடுத்தோம், படத்துக்கு மாலை மாற்றினோம். பட்டாவில் பெயரை மாற்றவில்லை. விலை நிலவரம் விசாரிக்க நான் வந்தேன். விற்கும் உரிமையே எங்கள் யாரிடமும் இல்லை. அந்த வரிசையில் நாங்களும் ஒரு பூட்டிய வீடு.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, அம்மாவோடு நில அலுவலகத்துக்குப் போனேன். உங்களில் யாருக்காவது பயன்படும் என்பதால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, வீடோ நிலமோ விட்டுச் சென்றால், மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாதவரை உயர் நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ், சொத்து இருக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. 2024 ஜூலையில் உயர்ந்தது. இறப்புச் சான்றிதழ், பட்டாவின் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவை கையில் இருக்க வேண்டும். பிறகு விசாரணைக்கு அழைப்பார்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பங்கு எப்படி என்பதை 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் சொல்கிறது. இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. எங்கள் வீட்டில் மூவருக்கும் ஆளுக்கொரு பங்கு. வாரிசுகள் ஒத்துக்கொண்டால் தங்கள் பங்கை ஒருவருக்கே விட்டுக்கொடுக்கவும் செய்யலாம்.

அன்று இரவு அண்ணனோடு வீடியோவில் பேசினோம். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா அதுவரை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒனக்குப் பணம் தேவைன்னு எனக்குத் தெரியும். வீட்ட விக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. மொதல்ல எம்பேருக்கு மாத்துங்க. நாப்பது வருஷம் இந்த வீட்டக் கூட்டிப் பெருக்கினவ நான். விக்கலாமா வேணாமான்னு ஒருதடவ என்கிட்ட கேக்கிற மாதிரி இருக்கட்டும்."

அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அவருடைய மகன் படிப்புக்கு என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. என் அடுக்ககக் கனவும் அப்படியே இருக்கிறது. ஆனால் மூன்றாவது நாள் அண்ணனுடைய பிறப்புச் சான்றிதழ் நகல் கூரியரில் வந்து சேர்ந்தது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். விசாரணை நாளுக்குக் காத்திருக்கிறோம்.

நோட்டுப் புத்தகத்தில் 'மந்தம்' என்ற சொல்லை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டிருக்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னில், சாமி படத்துக்குப் பின்னால், எங்கே வைத்திருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் இன்னும் உங்களோடு உட்கார்ந்து பசியாறுகிறவர் என்றால் நல்லது, அவரிடமே பேசுங்கள். இல்லையென்றால், அடுத்த திதிக்குள் நில அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.